கடைசியாகக் கிளம்பும் பிள்ளை

கேள்வி:

திருப்பூரில் என் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்தேன். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதும் நின்றுவிட்டேன். நான்காம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 22 பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருடைய அப்பா அம்மா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள். ஐந்து மணிக்கு வரும் பிள்ளைகள் அவர்கள் வரும்வரை, எட்டரை ஒன்பது மணி வரைக்கும், என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பெரிய வகுப்புக்குக் கணக்கு எடுக்க, எம்.எஸ்சி. படிக்கும் தெரிந்த வீட்டுத் தம்பி ஒருவரை ஜூன் மாதத்திலிருந்து வைத்திருக்கிறேன். நன்றாகச் சொல்லித் தருகிறார். ஹாலில் சின்னதுகள் போடும் சத்தத்துக்காக உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கணக்கு வராத ஒரு பையனைத் தனியாக அரை மணி நேரம் உட்கார வைப்பார். போன வாரம் ஒரு அம்மா, “ஏனுங் மிஸ், அந்தத் தம்பி பாடம் எடுக்கறப்ப நீங்களும் பக்கத்துலயே இருப்பீங்களாங்க?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவரிடம் இதையெல்லாம் பேசினால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்கிறார் என் கணவர்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கூட்டிப்போக அவள் சித்தப்பாவின் வண்டி வாசலில் வந்து நின்றதும், “மிஸ், இன்னும் ஒரே ஒரு கணக்கு போட்டுட்டுப் போறேன்” என்பாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. சனிக்கிழமை அம்மா வந்தால் மட்டும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவாள். நானாக எதையோ கற்பனை செய்கிறேனா? என்ன செய்ய வேண்டும்?

— வாசகி, திருப்பூர்

பதில்:

நீங்கள் கற்பனை செய்யவில்லை. ஒரு பிள்ளை எப்போது மெதுவாகப் பையைக் கட்டுகிறது, எப்போது ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இந்தப் பதிலைப் பாதியில் மூடிவைக்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1098, குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

முதலில் அந்த அம்மா. அவர் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. பகல் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாய், பிள்ளையை மூன்றரை மணி நேரம் இன்னொருவர் வீட்டில் விட்டிருக்கிறார். கேட்கத் தயங்கித்தான் கேட்டிருப்பார். நாளை அவரைப் பார்த்தால், “நீங்க கேட்டது நல்லதாப் போச்சுங்க, மாத்திட்டேன்” என்று சொல்லுங்கள். மற்ற அம்மாக்களும் கேட்க ஆரம்பிப்பார்கள். பெற்றோர் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிற இடத்தில் தப்பு செய்ய நினைப்பவர் நிற்க மாட்டார்.

உங்களுக்குச் சுருக்கென்றதும் புரிகிறது. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். நான் குழந்தைகள் நலக் குழுவில் இருந்த வருடங்களில் எங்கள் முன் வந்த விஷயங்களில் வழிப்போக்கர் செய்தது குறைவு. பெரும்பாலும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒருவர்தான் செய்திருப்பார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். டியூஷன் சார் அவனுக்கு மட்டும் கேம் விளையாடப் போன் கொடுப்பார், பரோட்டா வாங்கித் தருவார், மற்றவர்கள் போன பிறகும் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். “எங்க பையன்னா சாருக்கு உசுரு” என்று அவன் அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அதனாலேயே அவனால் ஏழு மாதம் வாய் திறக்க முடியவில்லை. அம்மாவின் பெருமையை அவன் எப்படி உடைப்பான்?

ஆபத்து அநேகமாக இப்படித்தான் வருகிறது. முதலில் பரிசு, பிறகு தனிச் சலுகை, பிறகு தனி நேரம், கடைசியில் “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்” என்ற வார்த்தை. தொடுவது அதற்கும் பிறகுதான். ஆளை எடைபோட்டு இதைத் தடுக்க யாராலும் முடியாது. என்னாலும் முடிந்ததில்லை. நம் கையில் இருப்பது தனிமையையும் ரகசியத்தையும் அந்த வீட்டில் இடமில்லாமல் செய்வது மட்டும்தான்.

பையன்கள் விஷயத்தில் நாம் இன்னும் அசட்டையாக இருக்கிறோம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள்தான் சற்று அதிகம். “பையன்தானே, என்ன ஆகப்போகுது” என்று அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் வீடு. உள்ளறைக் கதவை இன்றைக்கே திறந்து வையுங்கள். காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை அண்டக் கொடுங்கள். கதவில் திரைத்துணி இருந்தால் கழற்றிவிடுங்கள். திறந்த கதவில் துணி தொங்கினால் சாத்திய கதவுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சத்தம்தான் பிரச்சினை என்றால் பெரிய வகுப்பை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள், சின்னதுகளைத் திண்ணையிலோ போர்டிகோவிலோ உட்கார வையுங்கள். கணக்கு வராத பையனுக்குத் தனியாகச் சொல்லித் தரத்தான் வேண்டும். அதை எல்லோரும் இருக்கும்போதே ஹாலின் ஒரு மூலையில் செய்யலாம். மற்றவர்கள் போன பிறகு வேண்டாம்.

உங்கள் கணவர், ஊரிலிருந்து வந்து தங்கும் கொழுந்தனார், மச்சான், வீட்டுக்காரர் பையன் யாராக இருந்தாலும் இதே முறைதான். டியூஷன் நேரத்தில் பிள்ளைகளோடு தனியே இருக்க யாருக்கும் வேலை இல்லை. நீங்களும் அதில் அடக்கம். பாத்ரூம் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து சரியாக விழுகிறதா என்று பாருங்கள். நாலாவது படிக்கும் பிள்ளையும் பத்தாவது படிக்கும் பையனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பாத்ரூம் போகும்போது பெரிய பிள்ளைகளைத் துணைக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்குள்ளேயே நடக்கிற கிண்டலும் சீண்டலும் சில சமயம் எல்லை தாண்டிவிடும்.

அந்தத் தம்பியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்கள் கணவரின் கவலை. தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைத்துப் பேசினால்தான் அது சந்தேகமாகத் தெரியும். வெளிப்படையாக, இருவருக்கும் பொதுவாகப் பேசுங்கள். “தம்பி, நான் ஒரு முறை வச்சிருக்கேன். எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான். கதவு திறந்திருக்கணும். யாரையும் தனியா உட்கார வைக்க வேண்டாம். பிள்ளைங்களுக்கு நேரடியா மெசேஜ் அனுப்ப வேண்டாம், அம்மா அப்பா இருக்கற குரூப்புல போடுங்க. வண்டியில ஏத்திட்டுப் போய் விட வேண்டாம். ஒருத்தருக்கு மட்டும் பரிசு, சாப்பாடு வேண்டாம். நாளைக்கு யாராவது உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொன்னா, நான் உங்க பக்கம் நின்னு பேச முடியணும்” என்று சொல்லிப் பாருங்கள். இந்தக் கடைசி வாக்கியம் வெறும் ஆறுதல் இல்லை. திறந்த ஹாலில் இருபது பேர் நடுவில் பாடம் எடுப்பவர் மீது பொய்ப் பழி போடுவதும் கஷ்டம். நல்ல ஆளாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொள்வார். “என்னை நம்பலையாக்கா?” என்று முறுக்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் கதவைச் சாத்தினால் வேறு ஆள் பாருங்கள். கணக்கு வாத்தியார் கிடைப்பது அவ்வளவு அரிதில்லை.

அவரிடம் தமிழ்நாடு காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று கேட்கலாம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வாங்கி வையுங்கள், ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். காவல்துறைப் பதிவில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். புகாரே ஆகாமல் போன விஷயம் அதில் எப்படி வரும்? முன்பு வேறு எங்காவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டு, “திரும்ப வந்தா வச்சுக்குவீங்களா?” என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வரும் தயக்கமே பாதி சொல்லிவிடும்.

இதையெல்லாம் உங்கள் தலையில் கட்டுவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வேலைக்கு வைக்கக்கூடாது, ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும், தீயணைப்பு ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது 50 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மையங்களுக்குத்தான். உங்கள் 22 பிள்ளைகளை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை. அந்த வீட்டுக்கு விதி எழுதுபவரும் அதைப் பார்த்துக்கொள்பவரும் நீங்கள்தான். எழுதியதை ஒரு பக்கத்துக்குள் அடக்கி, ஹாலில் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

அந்தப் பக்கத்தில் அடியைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க மிஸ்” என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிடும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தேவையில்லாத உடல் வேதனைக்கோ மன வேதனைக்கோ ஆளாக்கினால், 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். டியூஷன் டீச்சரும் அதற்குள் வருவார். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஸ்கேலுக்குப் பயந்து கைநீட்டி நிற்கும் பிள்ளை, நாளை தனக்கு ஒரு கெடுதல் நடந்தால் அதே டீச்சரிடம் வந்து சொல்லுமா?

கட்டடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் என்றால் எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து நெருப்பு கூரைக்கு ஏறியது. மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சம்ப் மூடி, மாடிச் சுவரின் உயரம், கரண்ட் போனால் உடனே எரியும் விளக்கு மூன்றையும் ஒருமுறை பாருங்கள். இருட்டில் இருபது பிள்ளைகள் ஒரே மாடிப்படியில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு பிள்ளையையும் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்று பெற்றோரிடம் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், மாமாவே ஆனாலும், அம்மாவுக்குப் போன் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். யார் எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு இப்போது சொல்லப்போகும் விஷயத்துக்கும் உதவும்.

அந்தப் பெண் ஏன் வண்டியைப் பார்த்ததும் கணக்கு நோட்டைத் திறக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சித்தப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டலாம். வழியெல்லாம் திட்டலாம். அம்மா வரும்வரை வீட்டில் வேறு யாராவது இருக்கலாம். நாம் பயப்படுகிற விஷயமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அவளுக்குப் பேச ஒரு வாய்ப்பும், பேசினால் கேட்க ஒரு ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருந்தால் போதும்.

மற்றவர்கள் கண்ணில் படும், ஆனால் காதில் விழாத ஒரு இடத்தில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “அம்மா வர்ற அன்னிக்கு ஓடறே. மத்த நாள் மெதுவாக் கிளம்பறே கண்ணு. போறதுக்கு ஏதாவது சங்கடமா இருக்கா?” அவ்வளவுதான். “சித்தப்பா ஏதாச்சும் பண்றாரா?” என்று கேட்டுவிடாதீர்கள். நாம் எடுத்துக்கொடுத்த வார்த்தையை அவள் திருப்பிச் சொன்னால், நாளை நீதிமன்றத்தில் அவள் சொன்ன உண்மையே பலவீனமாகிவிடும். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினால் விட்டுவிடுங்கள். “எப்ப வேணா சொல்லலாம்” என்று மட்டும் சொல்லிவையுங்கள். பல பிள்ளைகள் முதல் தடவை சொல்ல மாட்டார்கள். நீங்கள் என்ன முகம் காட்டுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வருவார்கள்.

சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள், அழாதீர்கள், “அப்பவே ஏன் சொல்லலை?” என்று கேட்காதீர்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்பாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உன்னைப் பத்திரமாப் பாத்துக்க யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல” என்று சொல்லுங்கள். அவள் போனதும் அவள் பேசிய சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். போனில் ஏதாவது படமோ வீடியோவோ இருப்பதாகச் சொன்னால், அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் போனில் வைத்திருப்பதே எந்த நிலையில் குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. அதைக் கைப்பற்றும் வேலை போலீசாருடையது.

அவள் சொன்னது பாலியல் தொல்லை என்றால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்பதையும் அதே 19-வது பிரிவு சொல்கிறது. பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிப்பது, சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பது, டியூஷனை விட்டு நிறுத்துவது இதில் எதையும் செய்யாதீர்கள். அன்று இரவு அதே வண்டியில் அவள்தான் போக வேண்டியிருக்கும்.

போலீஸ் என்றதும் அந்தப் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். அவள் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, முடிந்தவரை ஒரு பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்தக் குழந்தையையும் இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போலீசார் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருப்பவரே குற்றவாளி என்றால் அவளை எங்கே தங்க வைப்பது என்று அந்தக் குழு முடிவெடுக்கும். அவள் பெயரையோ படிக்கும் பள்ளியையோ பத்திரிகையில் போடக்கூடாது. எல்லா இடத்திலும் இதெல்லாம் ஒழுங்காக நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். நடக்கவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ குழந்தைகள் நலக் குழுவிலோ நேரே போய்க் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, 1098-ஐ எப்படிக் கூப்பிடுவது என்று யோசிப்பீர்கள். குற்றம் நிரூபணமான பிறகு கூப்பிட வேண்டிய எண் அல்ல அது. “ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகத் தயங்குகிறாள், காரணம் தெரியவில்லை, நான் எப்படி அணுகுவது?” என்று கேட்டாலே போதும், வழி சொல்வார்கள். அவள் அம்மாவிடமும் பேசுங்கள், ஆனால் போனில் வேண்டாம். சனிக்கிழமை நேரில் வரும்போது ஒரு டீ கொடுத்து உட்கார வைத்து, “நீங்க வர்ற அன்னிக்கு எப்படி ஓடி வர்றா பாத்தீங்களா?” என்று ஆரம்பியுங்கள். தாய்க்கு ஏற்கெனவே ஏதோ மனதில் உறுத்தியிருக்கலாம். அல்லது எதுவும் தெரியாமலிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்தே உங்களுக்குக் கொஞ்சம் புரியும். அவராகவே பயந்தோ கோபப்பட்டோ, “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று எழுந்துவிட்டால் மேற்கொண்டு அவரிடம் வற்புறுத்தாதீர்கள். மறுபடி 1098-க்குப் பேசி நடந்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஐந்து மணிக்கு வருவார்கள். அதற்கு முன்பே, மாமியார் தூங்கும் நேரத்தில், மதியமே 1098-க்குப் பேசிவிடுங்கள். இன்று எட்டரைக்கு அவள் “இன்னும் ஒரே ஒரு கணக்கு மிஸ்” என்றால் போடட்டும். வாசலில் ஹாரன் அடித்தாலும் அவசரப்படுத்தாமல், அதை முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.